ஒரே ஆறு, ஒரே கரை, மூன்று மன்றங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கழிமுகன்:
வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் கடலோரத்தில் ஒரு நகராண்மைக் கழகத்தில் துப்புரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆற்றுமுகத்தில் குப்பையைத் தடுக்க மிதவை கட்டியிருக்கிறோம். ஆற்றின் மேல்பகுதியில் ஒரு நாள் பலத்த மழை பெய்தால் போதும், மறுநாள் காலையில் ஆள் நடந்துபோகலாம் என்று தோன்றும் அளவுக்கு மிதவையை ஒட்டிக் குப்பை அடைத்துக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் போத்தல், செருப்பு, மெத்தை, ஒருமுறை குளிர்பதனப் பெட்டியின் கதவு. அள்ளுகிறோம். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. அதில் பெரும்பகுதி எங்கள் எல்லைக்குள் யாரும் போட்டதே இல்லை.

ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் இரண்டு உள்ளாட்சி மன்றங்களுக்கும் கடிதம் எழுதியாயிற்று. "கவனிக்கப்படும்" என்ற பதிலோடு நின்றுவிட்டது. நிலமும் காடும் மாநிலத்தின் கையில். கடல் மீன்பிடிப்பும் 3 கடல் மைலுக்கு அப்பாலுள்ள கடலும் கூட்டரசின் கையில். எங்களிடம் இருப்பது துடைப்பமும் லாரியும்தான். இந்த நிலையில் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைக்கு, அதாவது எல்லாத் துறைகளும் மன்றங்களும் சேர்ந்து கடலோரத்தைப் பராமரிப்பதற்கு, திட்டம் வரையும்படி மேலதிகாரி சொல்கிறார். பக்கத்து நாடுகளில் எந்த உள்ளாட்சியாவது இதை உண்மையில் செய்து காட்டியிருக்கிறதா?

நீரேற்றம்:
காட்டியிருக்கிறார்கள், தம்பி. கிழக்காசியக் கடல்களுக்கான வட்டாரத் திட்டம் 1994-இல் எடுத்துக்கொண்ட முதல் இரண்டு இடங்கள் சீனாவின் சியாமெனும் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் வளைகுடாவும். வேலை நிமித்தம் இரண்டு இடங்களுக்கும் போயிருக்கிறேன்.

சியாமெனில் யுவாந்தாங் என்றொரு ஏரி. கடலோடு சேர்ந்த குடாவாக இருந்ததை 1970-களில் கரை கட்டி அடைத்தார்கள். ஊர்ச் சாக்கடை அத்தனையும் அதில் விழுந்து நாறிப்போனது. 1988-இல் நகர அரசு கையில் எடுத்தது: கழிவுநீரை மடக்கி, சேறு வாரி, மதகுகள் வழியாக ஓதநீர் (கடலின் ஏற்ற வற்ற நீர்) உள்ளே வந்து வெளியேறும்படி செய்தார்கள். நான் போனபோது ஏரிக்கரையில் வெள்ளைக் கொக்குகள் நின்றிருந்தன. சாக்கடையாக இருந்த இடம் அது என்று நம்பவே முடியவில்லை. ஆனால் நான் குறித்துக்கொண்டு வந்தது வேறு. துறைமுகம், மீன்வளம், சுற்றுச்சூழல் என எல்லாத் துறைகளையும் அழைத்து உட்காரவைக்கும் அதிகாரம் துணை மேயர் தலைமையிலான ஒரு குழுவுக்கு இருந்தது. 1997-இல் கடற்பரப்பைப் பயன்படுத்துவோருக்கு அனுமதியும் கட்டணமும் உண்டு என்று விதி செய்தார்கள். 2001-இல் சீனா நாடு முழுமைக்கும் அப்படியொரு சட்டம் இயற்றியது.

பத்தாங்காஸில் சட்டமே உள்ளாட்சியின் பக்கம் நிற்கிறது. கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை கடல் நகராட்சியுடையது. ஆனாலும் உங்களுக்கு இருக்கும் அதே சிக்கல்: வளைகுடா ஒன்று, அதைச் சுற்றி ஊர்கள் பல. மாகாண அரசு தன் சுற்றுச்சூழல் அலுவலகத்தை எல்லா ஊர்களுக்கும் பொதுவான செயலகமாக்கியது. வெளிநிதி நின்ற பிறகும் அதைத் தன் சொந்தப் பணத்தில் நடத்தியது. நான் சொல்ல வருவது இதைத்தான். நிதி முடிந்த மாதமே செத்துப்போன திட்டங்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் நான். அறிக்கை எழுதும் முன் நிரந்தரமாக இரண்டு ஆட்களையும், ஆண்டுதோறும் வரவுசெலவில் அவர்களுக்கென்று ஒரு தொகையையும் கேளுங்கள்.

கிள்ளானிலும் 2000-களின் தொடக்கத்தில் இதே முறையில் வேலை நடந்திருக்கிறது. அந்தக் கோப்புகளைத் தேடி எடுங்கள்.

வலைப்பாடு:
எங்கள் குடும்பம் கடலை நம்பிப் பிழைப்பது. எங்களை எப்போதும் வரைபடம் முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் வெள்ளையாக விட்டுவைத்திருந்த "காலி இடம்", என் அப்பா முப்பது ஆண்டுகளாகச் சிப்பி அள்ளும் சேற்றுத்திட்டு. வற்றத்தில் மட்டுமே தலைகாட்டும். அளக்க வந்தவர்கள் ஏற்றத்தில் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா எழுந்துபோய்ப் பென்சிலை வாங்கித் தானே வரைந்தார். அறையே அமைதியாகிவிட்டது. முதல் கூட்டத்துக்கே எங்களைக் கூப்பிடுங்கள்.

தென்கரை:
ஆளும் பணமும் இருந்தால் போதும் என்று நான் நம்பவில்லை. பிலிப்பைன்ஸில் 2006-இலேயே அதிபர் ஆணை 533 ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மையைத் தேசிய உத்தியாக அறிவித்தது. ஆனாலும் மணிலா வளைகுடாவைத் தூய்மைப்படுத்த அரசு அமைப்புகளைக் கட்டாயப்படுத்தியது, குடிமக்கள் 1999-இல் தொடுத்த வழக்கில் 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான். மேலேயிருக்கும் மன்றம் நல்லெண்ணத்தில் செலவு செய்யாது. சட்டம் அதன் கையைப் பிடிக்க வேண்டும்.

நீரேற்றம்:
தென்கரை சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன. நீதிமன்றமானாலும் மாநிலச் செயலகமானாலும் உங்களிடம் கேட்கப்போவது கணக்கு. எனவே தம்பி, ஆறு உங்கள் எல்லைக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு மிதவை கட்டுங்கள். இரண்டிலும் அள்ளுவதைத் தனித்தனியாக எடை போட்டு, மழையளவையும் ஓத நேரத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலக் கணக்கு கையில் இருந்தால் "எங்கள் குப்பை இல்லை" என்று யாரும் எழுந்துபோக முடியாது. தாய்லாந்தின் சோன்புரியில்கூட இந்த வேலை 2001-இல் சில நகராட்சிகளோடு தொடங்கி, பிறகுதான் மாகாணம் முழுதும் பரவியது. சிறிதாகத் தொடங்குவதற்குத் தயங்காதீர்கள்.

கழிமுகன்:
மிக்க நன்றி, ஐயா. லாரியை எடை போடும் மேடை குப்பைக் கிடங்கிலேயே இருக்கிறது. இதுவரை ஆற்றுக் குப்பையைத் தனியாகப் பதிந்ததில்லை. இந்த வாரமே தொடங்குகிறேன். இரண்டாவது மிதவைக்கு மேலதிகாரியிடம் எழுதிக் கேட்கிறேன். வலைப்பாடு, உங்கள் அப்பா சம்மதித்தால் எங்கள் வரைபடத்தோடு ஒரு நாள் வீட்டுக்கு வரலாமா? வற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்கே வருகிறேன்.