தோட்டம் பார்க்கப் போன இடத்தில்

கோவையில் எங்கள் மாடித்தோட்டக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர் வீடுகளுக்குப் போய்த் தோட்டம் பார்த்துவிட்டு வரும். போன இடத்தில் பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று குழுவில் கேட்டிருந்தீர்கள், நானே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒன்று, ஏழு மணிக்கு முன்னால் போங்கள். வடவள்ளியில் ஓர் அக்கா வீட்டு மூன்றாம் மாடி, அரசாணிக் கொடி, அதாவது பரங்கி, கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்து பூவும் நிறைய, ஆனால் பிஞ்செல்லாம் கோலிக்குண்டு அளவிலேயே மஞ்சளாகி உதிர்கிறது. சத்து போதவில்லை என்று கடலைப் புண்ணாக்கைக் கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறார். எங்களோடு வந்த ரிட்டயர்டு வாத்தியார், "புண்ணாக்கை விடுங்க அம்மிணி, இத்தனை உசரத்துக்குத் தேனீ வருதுங்களா?" என்று கேட்டார். ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சோடு இருந்த பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினார். தேனீ மகரந்தம் சேர்க்கும் வேலை அவ்வளவுதான். இந்தப் பூ விடிகாலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கிவிடும், டிபன் முடித்துப் பத்து மணிக்குப் போகிறவர்களுக்கு இதைக் காட்ட வழியில்லை. அப்புறம் அக்கா படம் அனுப்பினார், காய் உதிராமல் நின்றுவிட்டது.

சூலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் பப்பாளி இலையடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. எங்களில் ஒருவர் உடனே மருந்து பேர் சொன்னார், பெரியவர் விடவில்லை. 2008-ல் இந்தப் பூச்சி கோவையில் தெரியவந்து, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடாமல் அடித்ததைப் பார்த்தவர். உடம்பு மேல் மெழுகு மாதிரி பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவியை வரவழைத்தார்கள், நம்ம வேளாண் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கிக் கொடுத்தது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று முடித்துவிடும். கண்டதை அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் என்கிறார். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்கிறார், ஏனென்றால் மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான். மருந்து பேர் சொன்னவர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

*

நான் கோபிக்காரி. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுப் புறக்கடைக்கு ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பேர் செல்போனோடு இறங்கியதும், "இதுல பாக்கறதுக்கு என்னங் கண்ணு இருக்குது, களைதான் இருக்குது" என்றார். வந்தவர்கள் செடியை விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றுவிட்டார்கள், விதைக்காகக் கொடியிலேயே காயவிட்ட பீர்க்கங்காய் கொத்தாகத் தொங்கியது, அவரை விதை சாம்பலில் புரட்டி வைத்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார், சும்மா இல்லை, "அடுத்த வருசம் எனக்கும் விதை திருப்பிக் குடுத்துரோணும்". இரண்டு பேர் கொடுத்தார்கள். மற்றவர்கள் யார் யார் என்று அம்மிச்சிக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

*

நீங்களெல்லாம் பார்க்கப் போனவர்கள், நான் பல்லடத்தில் வந்தவர்களுக்கு டீ போட்டவன். என் பந்தல் இடுப்பளவுதான். வந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு, குனிந்துதான் காய் பறிப்பீங்களா என்று. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும்போது இந்த ஊருக்கு வந்து பாருங்கள், ஆளுயரப் பந்தல் பக்கத்து வீட்டில் கிடக்கும். மேற்கே பச்சை வலை கட்டி, அதற்கு முன்னால் அகத்தி வரிசையாக வைத்த பிறகுதான் கொடி முறியாமல் நிற்கிறது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும், எனக்கு வருத்தம் வேறு. கேட்டால் நானே வெட்டித் தருவேன், கேட்காமல் செம்பருத்தியிலும் திராட்சையிலும் நட்டு வளர்க்கக் குச்சி குச்சியாக வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், அதுவும் மொட்டு வைத்திருந்த கிளையில். மறுபடியும் வாங்க, தாராளமா வாங்க, கத்தரிக்கோலை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாங்க.