காவிரியில் கப்பல் ஓடவில்லை என்றால் அது எப்படி வணிக ஆறு ஆயிற்று?

கேள்வி: கொள்ளிடக்கரையான்

வணக்கம். சென்ற மாதம் பூம்புகாருக்குப் போய், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்றிருந்தேன். குளித்தலையில் அகண்ட காவிரியாகக் கண்டு பழகிய ஆறு அங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி, மணல்மேட்டை ஒட்டித் தேங்கிக் கிடந்தது. உடன் வந்த என் மகள், "இதிலா அப்பா கப்பல் வந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரைன், டான்யூப், யாங்சி ஆகியவற்றை வணிக ஆறுகள் என்பதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை; சரக்குக் கலங்கள் இன்றும் அவற்றின் வழியே நெடுந்தொலைவு உள்நாட்டுக்குள் சென்று வருகின்றன. காவிரியோ சுமார் 800 கிலோமீட்டர் ஓடினாலும், சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கலிலும் அருவியாக விழுகிறது. சமவெளிக்கு வந்தபின் மணலில் பரவி ஆழமின்றி ஓடுகிறது. கோடையில் பல இடங்களில் நடந்தே கடந்துவிடலாம். அப்படியிருக்க, காவிரியால் சோழநாட்டு வணிகம் செழித்தது என்று பாடநூலிலும் மேடையிலும் சொல்லி வருவதற்கு அடிப்படை என்ன? ஆற்றின்மேல் சரக்குச் சென்றதற்கு இலக்கியத்தில் சான்று உண்டா, அல்லது துறைமுகத்தின் வரவை நாம் ஆற்றின் கணக்கில் எழுதிவிட்டோமா?

மறுமொழி 1: ஏட்டுச்சுவடி

உங்கள் மகளின் கேள்விக்கு நேராகவே விடை சொல்லும் பாட்டு ஒன்று இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30-ஆம் பாட்டில், "கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்" என்று வருகிறது. பாய்மரத்தில் விரித்த பாயைக் களையாமலும், ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் பெரிய மரக்கலம் ஆற்றுமுகத்துக்குள் நுழைந்தது என்பது இதன் பொருள். ஆழம் போதாத முகத்துவாரத்தில் சரக்கைத் தோணிகளுக்கு இறக்கிப் பாரத்தைக் குறைத்த பிறகே கலத்தை உள்ளே கொண்டுவர முடியும் என்பதைக் கரையில் நின்று கண்ட ஒருவருக்கே, "பாரத்தைக் குறைக்காமல்" என்று எடுத்துச் சொல்லத் தோன்றும் என்பது என் எண்ணம். ஆனால் அதே பாட்டின் அடுத்த வரியை நாம் எளிதில் தாண்டிப் போய்விடுகிறோம். அந்தக் கலம் கொண்டுவந்த கடற்பொருள் "இடைப்புலப் பெருவழி"யில் சொரிகிறது என்கிறார் புலவர். அதாவது, சரக்கு ஆற்றில் மேலேறிப் போகவில்லை. முகத்துவாரத்திலேயே இறங்கிச் சாலைக்கு மாறிவிட்டது.

ஆற்றோரக் கழிகளில் சிறு படகுகள் ஓடியதற்கும் சான்று உண்டு. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, "வெள்ளை உப்பின் கொள்ளை சாற்றி நெல்லொடு வந்த வல்வாய்ப் பஃறி" என்கிறது. கடற்கரையில் விளைந்த உப்பை விலைகூறி விற்றுவிட்டு, அதற்கு மாற்றாக வாங்கிய நெல்லோடு திரும்பிய படகுகள் அவை. லாயத்தில் குதிரைகளைக் கட்டுவது போல அவற்றைத் தறிகளில் வரிசையாகப் பிணித்திருந்தார்கள் என்ற உவமையையும் புலவர் சேர்க்கிறார். காவிரிப் படுகையின் உள்நாட்டுப் படகு வணிகத்துக்கு எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான காட்சி இதுதான். அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. உப்பும் நெல்லும்தான் இருக்கின்றன. நெல்லுக்கு ஈடாக உப்பை அளந்த வழக்கத்தை அகநானூற்று 140-ஆம் பாட்டும் "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று சொல்கிறது.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது, பெரிய செங்கற்களால் கட்டிய மேடை ஒன்றும், படகு கட்டுவதற்கான மரத்தறிகளும் கிடைத்தன. அவையே பாட்டில் வரும் தறிகள் என்று முடிச்சுப் போடுவதற்கு நான் துணிய மாட்டேன். படகு கட்டும் முறை அங்கே நெடுங்காலம் மாறாமல் இருந்திருக்கிறது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

மறுமொழி 2: மதகுக்காரர்

நான் பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நண்பர் பூம்புகாரில் கண்ட ஒடுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காவிரி நீர் கடலுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகவே இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக வேலை நடந்திருக்கிறது. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெண்ணாறு, வெட்டாறு என்று பிரித்துப் பிரித்து வயலுக்கு அனுப்பிய பிறகு மிஞ்சியதைத்தான் நீங்கள் முகத்துவாரத்தில் பார்த்தீர்கள். வெள்ளம் வந்தால் அது காவிரியின் வடகிளையான கொள்ளிடம் வழியாகப் போய்விடும். கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் கடலை அடைவதால், விட்டால் ஆண்டு முழுவதும் தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் 1836-38-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார்.

கல்லணையின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. அது தண்ணீரைத் தேக்குவதற்கு எழுந்த அணை அன்று. கொள்ளிடத்துக்குள் சரியப் பார்க்கும் நீரைக் காவிரிப் பக்கம் திருப்பி நிறுத்துவதற்கு எழுந்தது. மணலில் எவ்வளவு தோண்டினாலும் பாறை கிடைக்காத ஆற்றில் அடித்தளம் போடுவது எப்படி? பெரிய கற்களை ஈரமணலின்மேல் கொண்டுபோய்ப் போட்டால் அவை தாமாகவே உள்ளே இறங்கும். அவற்றின்மேல் அடுத்த வரிசை, இடையிடையே களிமண், மேலும் கற்கள். இறங்குவது நிற்கும் வரை போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். இதைப் பார்த்துத்தான் மணல் ஆற்றில் அடித்தளம் போடும் முறையைக் கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதினார். பின்னர் கோதாவரியில் தௌலேசுவரத்திலும் அதைக் கையாண்டார்.

வணிகம் எங்கே என்று கேட்டால், அது இந்த வாய்க்கால்களில் இருக்கிறது என்பேன். ஒரு வேலி நிலத்தில் ஆயிரம் கலம் (கலம் என்பது இங்கே முகத்தல் அளவு) நெல் விளையும்படி காவிரி காக்கும் நாடு என்று பொருநராற்றுப்படை பாடுகிறது. புலவர் எண்ணைச் சற்றுக் கூட்டியிருக்கலாம்; ஆனால் உபரி நெல் இல்லாமல் துறைமுகத்தில் இத்தனை பேருக்குச் சோறு போட முடியாது, கப்பலில் ஏற்றவும் பொருள் இருக்காது. பிற்காலத்தில் தஞ்சை அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்கு ஏற்றுமதியானது. 1861-62-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் பாதை வந்ததை எண்ணிப் பாருங்கள்: துறைமுகத்திலிருந்து ஆற்று நாட்டின் ஊடே மேற்கு நோக்கி, பழைய பெருவழி போன திசையிலேயே அதுவும் போயிற்று. இன்றும் மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று வயல்காரர் மட்டும் கேட்பதில்லை. உரக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் கேட்கிறார்கள்.

மறுமொழி 3: அமராவதிக்கரை

மேற்கேயிருந்து ஒரு சொல். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடயங்களும் அகழ்வில் வெளிப்பட்டன. இவ்விரண்டும் காவிரியில் சேரும் ஆறுகள். பாலக்காட்டுக் கணவாயில் இறங்கிக் கிழக்கே வருபவன் ஆறுகளின் கரையை விட்டு விலகாமல் நடந்தால் உறையூர் வந்துவிடும், அங்கிருந்து புகார். தண்ணீரும் நிழலும் சோறும் கிடைக்கும் வழி அதுதான். கோவைக்கு அருகே பாறையில் இன்றும் படிக்கக் கிடைக்கும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, சோழர் காலத்திலும் கணவாய்ப் பாதை எவ்வளவு முதன்மையாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. பட்டினப்பாலையின் புகழ்பெற்ற சரக்குப் பட்டியலில் "நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும் காலின் வந்த கருங்கறி மூடையும்" என்று இருக்கிறதல்லவா? குதிரை கடலில் வந்தது. மிளகு மூட்டை வண்டியில் வந்தது. ஆகவே காவிரி சரக்கைச் சுமந்தது என்பதைவிட, சரக்குச் சுமந்தவனை வழிநடத்தியது என்று சொல்வது பொருந்தும். (சேரர் தலைநகரான பழைய வஞ்சி எந்த ஊர் என்ற சண்டையை யாரும் இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

மறுமொழி 4: சுவாமிமலையான்

நெல்லை மட்டும் பேசினால் எங்கள் ஊர்ப் பட்டறைகள் கோபித்துக்கொள்ளும். இங்கே ஐம்பொன் சிலைக்கு முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். விரல் நகத்தில் கீறிய கோடுகூட அந்த மண்ணில் அப்படியே பதியும். மெழுகு உருகி வெளியேறிய பின் உலோகம் அந்தக் கோட்டைத் தேடிப்போய் நிரப்பும். வேறு மண்ணில் வார்த்தால் இந்த நுணுக்கம் வராது என்று ஸ்தபதிகள் சொல்கிறார்கள். அந்தச் சிலைகள் கடல் தாண்டிப் போகின்றன. ஆற்றின் மண் அச்சு உடைந்து பட்டறை வாசலிலேயே கிடக்கிறது.

கேள்வி கேட்டவர்: கொள்ளிடக்கரையான்

அனைவருக்கும் நன்றி. மகளிடம் "கூம்பொடு மீப்பாய் களையாது" என்ற வரியை விளக்கிச் சொன்னேன். ஏட்டுச்சுவடி ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். "நடந்தாய் வாழி காவேரி" என்ற சிலப்பதிகாரக் கானல்வரிப் பாட்டு புகார்க் கடற்கரையில் வைத்துப் பாடப்படுகிறது. பாடும் கோவலனோ வணிகன் மகன். அதில் வணிகத்தின் சாயல் ஏதேனும் உண்டா?

மறுமொழி 5: ஏட்டுச்சுவடி

பாட்டில் இல்லை என்பதுதான் வியப்பு. "உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை தண்பதங்கொள் விழவர் ஓதை" என்று இளங்கோ அடுக்கும் ஒலிகள் அனைத்தும் வயலுடையவை: ஏர் ஓட்டும் குரல், மதகில் நீர் விழும் ஓசை, புதுப்புனலைக் கொண்டாடுவோரின் ஆரவாரம். கலம் வரும் ஒலியோ அங்காடி இரைச்சலோ அதில் கேட்பதில்லை. மதகுக்காரர் சொன்னதற்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை.

வணிகத்தை இளங்கோ மாந்தர் பெயர்களில் வைத்திருக்கிறார். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடலோடும் கலத்துக்குரிய பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவன், சாத்து எனப்படும் தரைவழி வணிகக் கூட்டத்தின் தலைமையைக் குறிக்கும் பெயர். புகாரில் நடந்த அந்தத் திருமணத்தில் கடல்வழியும் தரைவழியும் சம்பந்தம் செய்துகொண்டன. ஆற்றுவழி வணிகன் என்று ஒருவன் அந்தக் காப்பியத்தில் இல்லை. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு உறையூரை நோக்கிப் போகும்போதுகூடக் கரையோரமாக நடந்தே போகிறார்கள். ஓடத்தில் ஏறுவது, சமணத் துறவியான கவுந்தியடிகளோடு தென்கரைக்குக் கடக்கும்போது மட்டும்தான்.