புதுப்பிப்பு: தீவு சுற்றும் படகுப் பயணம் பொங்கலுக்கு மாறியது

பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போய், பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்துத் தீவு சுற்ற ஜூலை சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரிவராது. நமக்குக் குற்றாலத்தில் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே கடலைக் கிளப்பிவிடுகிறது. அந்தப் பக்கத்துச் சிமிலான் தீவுகளையும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். ஆக, பொங்கல் லீவுதான்.

படகு, கேட்டமரான். அடியில் இரண்டு உடல் இருப்பதால் அவ்வளவாகச் சாயாது. பாபநாசம் பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வரும் அத்தைக்கு அதுதான் தோது. எங்களில் யாருக்கும் ஓட்டத் தெரியாது, அதனால் கேப்டனோடு சேர்த்து. டீசல், கேப்டன் சாப்பாடெல்லாம் வாடகையில் சேர்த்தியா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டாங்கியில் நல்ல தண்ணீர் அளவுதான், ஆற்றுக்குளியல் மாதிரி ஊற்ற முடியாது என்றதும் மாமா முகம் சுருங்கிவிட்டது. அத்தையோ, அடுப்பு உண்டா, சொதி வைக்கலாமா என்கிறாள். கேஸ் அடுப்பு உண்டு.