கடற்பாசியின் பெயரால் பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

மண்டபத்து மாணவி:
வாய்மொழித் தேர்வு. கஞ்சிப்பாசியைத் தாளில் பரப்பி, அழுத்திக் காயவைத்து, ‘கிராசிலேரியா எடுலிஸ்’ என்று சீட்டு ஒட்டியிருந்தேன். வந்த தேர்வாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. பென்சிலை எடுத்து முதல் சொல்லை அடித்துவிட்டு மேலே ‘ஹைட்ரோபன்ஷியா’ என்று எழுதினார். அந்தக் கோடு தாளில் பள்ளமாக விழுந்தது. இப்போதும் விரல் வைத்தால் தெரியும். 1768இல் தாவரவியலாளர் க்மெலின் இந்தப் பாசிக்கு வைத்த பெயர் ஃபியூகஸ் எடுலிஸ். 1952இல் பாசியியலாளர் சில்வா அதைக் கிராசிலேரியா என்ற பேரினத்தில் சேர்த்தார். 2004இல் மரபணுவைப் பார்த்து மறுபடியும் ஹைட்ரோபன்ஷியாவுக்கு இடம் மாற்றினார்கள். எடுலிஸ் என்றால் உண்ணத்தக்கது. அதை மட்டும் யாரும் தொடவில்லை. அன்று மாலை அம்மா அதே பாசியில்தான் கஞ்சி காய்ச்சியிருந்தாள்.

சபாவாசி:
உங்களுக்குக் கோடுதான் விழுந்தது. எனக்கு இரண்டு நாள் சரக்கே நின்றது. கடற்பாசி மூட்டையில் ‘கோட்டோனி’, நான் தயாரித்த சரக்குத் தாளில் ‘கப்பாஃபைகஸ் அல்வரேசி’. இரண்டும் வேறு வேறு சரக்கு என்று திருப்பிவிட்டார்கள். களத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெரியவர் ஒரு கொத்தை உதறி என் மூக்கருகே நீட்டி, “கோட்டோனி!” என்றார், காது கேளாதவனிடம் சொல்வதுபோல. வியாபாரத்தில் அல்வரேசிக்குத்தான் அந்தப் பெயர். தாவரவியலில் கோட்டோனி என்பது வேறோர் இனம். அல்வரேசிக்கு 1985இல் பெயர் வைத்தவர் பாசியியலாளர் டோட்டி. எங்கள் மலேசியச் சபா மாநிலக் கடலில் எடுத்த மாதிரியை வைத்துத்தான். பிலிப்பைன்ஸில் தம்முடன் உழைத்த அல்வரெஸின் நினைவாக வைத்தார். பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

பழைய ஏடு:
மாணவிக்கு: தேர்வாளர் செய்தது தவறு. பழைய சீட்டை ஒருபோதும் அடிக்கக் கூடாது. புதிய பெயரைத் தனிச் சீட்டில் எழுதி, யார், எந்த ஆண்டு தீர்மானித்தார் என்று குறித்து, பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதோடு, கிராசிலேரியா என்றே எழுதுகிற ஆய்வாளர்கள் இன்றும் உண்டு, அவர்களையெல்லாம் தோற்கடித்துவிடுவாரா? இனிமேல் எடுக்கும்போது ஒரு துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு வையுங்கள், மரபணு பார்க்க உதவும். எடுத்த இடம், ஆழம், நாள், ஊர்ப்பெயர் நான்கும் வேண்டும். கரையாத மையில் எழுதுங்கள். ஊர்ப்பெயரை எழுதுபவரே இல்லை. எங்கள் பக்கம் அல்வரேசி ‘பெப்சி பாசி’தான், வளர்ப்பில் முதலில் இறங்கிய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு சீட்டில் அப்படியே எழுதினேன், சிரித்தார்கள். என் கதை அவ்வளவுதான்.

மண்டபத்து மாணவி:
ஐயா, அந்தத் தாளை நான் மாற்றுவதாக இல்லை. கோடும் அதில்தானே இருக்கிறது.

பாம்பன்காரி:
பாசி எடுக்கப் போகும் என் பெரியம்மாவிடம் மரிக்கொழுந்துப் பாசியின் கதையைச் சொன்னேன். அதன் அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா அசெரோசா, அதில் அசெரோசா என்பதைத் தாவரவியலாளர் ஃபோர்ஸ்கால் வைத்தார், அவர் 1763இல் ஏமனிலேயே இறந்துபோனார், 1775இல்தான் பெயர் அச்சில் வந்தது, ஜெலிடியெல்லா பேரினத்தில் 1934இல் சேர்ந்தது என்றெல்லாம். பாறையில் கை கிழியாமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டுக் கேட்டாள்:

“அந்த ஆள் கையில் துணி சுற்றிக்கொண்டுதான் எடுத்தாரா?”