அம்மாவோட இருந்து பாத்த சில்ரன் ஒவ் மென்

இந்தப் படத்தைப் பற்றி எல்லாரும் எழுதுறியள், நானும் என்ர அனுபவத்தைச் சொல்லுறன். அல்போன்சோ குவாரோன் 2006ல எடுத்த சில்ரன் ஒவ் மென், போன மாசம் யாழ்ப்பாணத்தில எங்கட கொக்குவில் வீட்டில ரீவியில போட்டுப் பாக்கேக்க அம்மாவும் பக்கத்தில வந்து இருந்தவ. கதை 2027ல இங்கிலாந்தில நடக்குது, 18 வருசமா உலகத்தில ஒரு பிள்ளையும் பிறக்கேல்ல, அகதியா வந்த சனத்தை கம்பிக் கூட்டுக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறாங்கள், அந்த நேரத்தில கீ எண்ட அகதிப் பெட்டை வயித்தில பிள்ளையோட நிக்கிறாள், அவளைப் பத்திரமாக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு தியோ எண்ட மனிசனுக்கு.

கமரா வேலையை எல்லாரும் புகழுவினம், சண்டைக்குள்ள 6 நிமிசத்துக்கு மேல வெட்டே தெரியாமல் போற ஷொட்டில லென்சில ரத்தம் தெறிச்சுக் கிடக்கும், அது உண்மையிலயே திறம்தான். ஆனா நீங்கள் தியோவின்ர காலைப் பாருங்கோ. சப்பாத்துப் போட நேரமில்லாமல் வெளிக்கிட்ட மனிசன், பிறகு கனநேரம் வெறும் செருப்போடதான் ஓடுறார், கடைசி வரைக்கும் ஒரு வெடி வைக்கேல்ல. அதைப் பாத்திட்டு அம்மா சொன்னா, சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30 ராத்திரி மழைக்குள்ள நாவற்குழிப் பக்கம் நடக்கேக்க ஒரு செருப்பு சேத்துக்குள்ள போட்டுதாம், மற்றதையும் கழட்டி எறிஞ்சிட்டு நடந்தவவாம். எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல.

ஏன் பிள்ளையள் பிறக்கேல்ல எண்டு படம் சொல்லாது, அது எனக்குப் பரவாயில்ல. குறை எண்டா கீதான். பிள்ளை அவளின்ர, ஆனா எங்க போறது, ஆரை நம்புறது எண்டு சுத்தியிருக்கிற ஆக்கள்தான் அடிபடுகினம், அவளின்ர மனசுக்குள்ள என்ன ஓடுது எண்டு எங்களுக்குக் காட்டுறது கொஞ்சம்தான். தியோவின்ர கவலையை விளங்கின அளவுக்கு அவளை எனக்கு விளங்கேல்ல.

பிள்ளை அழுற சத்தத்தில ஆமிக்காரர் சுடுறதை நிப்பாட்டுற இடத்தில நான் அழுதிட்டன். அவை தாண்டிப் போனாப் பிறகு ஒரு வெடி, திரும்பவும் சண்டை தொடங்குது, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது. அம்மா அழேல்ல. அந்த இடப்பெயர்வு ராத்திரி அண்ணாக்கு நாலு மாசம். "விடிய விடியக் கத்தினவன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல, எல்லாற்ற கையிலயும் ஒரு பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டு தேத்தண்ணி போட எழும்பிட்டா.