மைக்கில் வீணையின் நாதம் மாறிவிடுகிறது

கேள்வி: அத்தை வீட்டுக் கூடத்தில் வீணை வாசிக்கிறார். கார்டியாய்டு மைக்கை (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் வகை) குடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தேன். மந்தர ஸ்தாயி பானைக்குள் பேசுவதுபோல் வீங்கி ஒலிக்கிறது. நகம் படும் சத்தம் தனியே குத்துகிறது. "இது என் வீணையே இல்லை" என்கிறார் அத்தை. தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் சரிசெய்யலாமா?

பதில்: ஈக்வலைசரைத் தொடாதீர்கள். அந்த வகை மைக் நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கும். மேலும், நாதம் குடத்திலிருந்து மட்டுமா வருகிறது? பலகையும் தண்டியும் சேர்ந்து ஒலிக்கின்றன. அவை காற்றில் கலக்க இடம் கொடுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, எதிரே அமர்ந்து கேட்பவரின் காது உயரத்தில் வையுங்கள். இரண்டு கார்டியாய்டு மைக் இருந்தால் அவற்றுக்கிடையே 17 செ.மீ. இடைவெளி, வெளிப்புறமாக விரிந்து 110 பாகைக் கோணம். பிரெஞ்சு வானொலியில் உருவான முறை. மின்விசிறியை நிறுத்துங்கள். மறந்துபோய், ஒரு முழுத் தோடி ஆலாபனையைக் காற்றோடு பதிந்து வைத்திருக்கிறேன் நான்.

இன்னொருவர்: மொசைக் தரையென்றால் ஜமக்காளம் விரியுங்கள். எல்லாப் பக்க ஒலியையும் வாங்கும் ஆம்னி மைக்கில் அந்த வீக்கம் வராது. ஆனால் தெருவில் போகும் காய்காரரும் கச்சேரியில் சேர்ந்துகொள்வார்.

கேட்டவர்: ஜமக்காளம், ஒன்றரை மீட்டர், இரண்டும் செய்தேன். அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "மந்தரத் தந்தி சுருதி இறங்கியிருக்கிறதே, அப்போதே சொல்லக்கூடாதா?" என்றார்.