ரிப்பன் மைக்குக்குத் தனி ப்ரீஆம்ப் வாங்க வேண்டுமா, பூஸ்டர் போதுமா?

கோத்தகிரிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறேன். என் அத்தைக்குப் பழைய படுக மொழிப் பாட்டுகள் நிறையத் தெரியும். வயதாகிக்கொண்டே போகிறது, குரல் நன்றாக இருக்கும்போதே உருப்படியாகப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன், கூடவே என் கிட்டாரும். இதுவரை கண்டென்சர் மைக்தான். அது கீழ்த்தோட்டத்தில் நாய் குரைப்பதுவரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது, பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் கீறுகிறது.

கோவையில் ஒருவரிடமிருந்து பழைய பாஸிவ் ரிப்பன் மைக் (மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து ஒலியை எடுக்கும், தனி மின்சாரம் வேண்டாத வகை) கிடைத்தது. முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது, இந்தக் குரலுக்கு இதுதான் மைக். ஆனால் சத்தம் போதவில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான என் யுஎஸ்பி இன்டர்ஃபேஸில் மொத்த கெயினே (சிக்னலைத் தூக்கும் அளவு) 56 டெசிபல், குமிழை முழுக்கத் திருப்பினாலும் அலை மெலிசாகத்தான் விழுகிறது, அதைத் தூக்கிக் கேட்டால் பின்னால் உஸ்ஸென்று இரைச்சல். மைக்கின் தாளில் பாஸ்கலுக்கு 2 மில்லிவோல்ட், 200 ஓம் என்று இருக்கிறது. இன்டர்ஃபேஸின் இஐஎன், அதாவது பெட்டி தானே போடும் இரைச்சலின் அளவு, மைனஸ் 128 டிபியூ (வோல்ட்டை டெசிபலில் சொல்லும் அளவு).

மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கும் நல்ல ப்ரீஆம்ப் ஒன்றைக் காசு சேர்த்து வாங்குவதா, இல்லை நடுவில் செருகுகிற 25 டெசிபல் பூஸ்டர் போதுமா? ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட்) பட்டால் ரிப்பன் போய்விடும் என்கிறார்களே, பூஸ்டருக்கு ஃபாண்டம் போட்டாக வேண்டுமே? அப்புறம் இங்கே அடிக்கும் ஈரத்துக்கு இந்த மைக் தாங்குமா?

மலைரயில்:

நான் குன்னூர். காசை எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

1 பாஸ்கல் என்பது 94 டெசிபல் சத்தம். அத்தை ஒரு அடி தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பாடினால் மைக்கில் சுமார் 70 டெசிபல் விழும் என்று வையுங்கள். 24 டெசிபல் குறைவு என்றால் 2 மில்லிவோல்ட் சுமார் பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதாவது 0.125 மில்லிவோல்ட், ஏறக்குறைய மைனஸ் 76 டிபியூ. இன்டர்ஃபேஸின் இரைச்சல் மைனஸ் 128. நடுவில் 52 டெசிபல் இடைவெளி. பாட்டு நடக்கும்போது இரைச்சல் காதில் படாது, மூச்சு வாங்கும் இடத்தில் படும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். 200 ஓம் உள்ள எந்தப் பொருளும், வெறும் ரெசிஸ்டராகவே இருந்தாலும், தன் வெப்பத்தாலேயே கொஞ்சம் இரைச்சல் போடும். காதுக்குக் கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது சுமார் மைனஸ் 130 டிபியூ. அதற்குக் கீழே எந்த ப்ரீஆம்பும் போக முடியாது. உங்கள் பெட்டி மைனஸ் 128இல் இருக்கிறது. ஆக, லட்சம் ரூபாய்க்கு வாங்கினாலும் உங்களுக்குக் குறையப்போவது 2 டெசிபல் அளவுதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், செலவே இல்லை.

அலை மெலிசாக விழுவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 30இல் நின்றாலும் பிறகு மென்பொருளில் தூக்கிக்கொள்ளலாம், குரலும் இரைச்சலும் சேர்ந்தேதான் ஏறும், இடைவெளி மாறாது. குமிழை முழுக்கத் திருப்பவும் பயப்பட வேண்டாம், தாளில் போட்டிருக்கும் இஐஎன் பெரும்பாலும் முழு கெயினில் அளந்ததுதான்.

ஆனால் இரைச்சல் பெட்டியுடையதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் ஒன்றை எடுத்து, 2ஆவது, 3ஆவது பின்களுக்கு நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, உலோக மூடியைத் திருகி மூடிவிடுங்கள். ரேடியோ ரிப்பேர் கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை இன்டர்ஃபேஸில் செருகி, அதே கெயினில் ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு மைக்கை மாட்டி, யாரும் பேசாமல் ஒரு நிமிடம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது ப்ரீஆம்ப் இரைச்சல். மைக்கோடு அதிகமாக இருந்தால் அறை, இல்லாவிட்டால் கரன்ட் வழியாக வரும் ஹம் (உறுமல்). அதற்கு ப்ரீஆம்ப் மருந்தில்லை.

ஊட்டி ஒலி:

கணக்கு சரிதான், ஆனால் ப்ரீஆம்ப் என்பது இரைச்சல் மட்டுமில்லை. ரிப்பனின் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஓமில் சொல்வது) எல்லா அலைவரிசையிலும் ஒரே மாதிரி இருக்காது, ரிப்பன் தானாக அதிரும் இடத்தில், பெரும்பாலும் கீழ்ஸ்தாயியில், மேலே எழும்பும். தாளில் 200 ஓம் என்றிருந்தாலும் அங்கே அதைவிட அதிகம். ப்ரீஆம்பின் இன்புட் இம்பிடன்ஸ் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் சிக்னல் அமுங்கி, குரல் அடிப்பாகம் மெலிந்துபோகும். மைக்கைப் போல ஐந்து மடங்காவது வேண்டும் என்பார்கள், பத்து மடங்குக்கு மேல் இருந்தால் எனக்கு நிம்மதி. உங்கள் பெட்டி எத்தனை ஓம் என்று தாளில் பாருங்கள். 2 அல்லது 3 கிலோஓம் என்றால் வீட்டு வேலைக்குத் தாராளம். பழைய மிக்ஸர்களில் 1.2 கிலோஓம் எல்லாம் வரும், அங்கேதான் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

பூஸ்டர் பற்றி. கிளவுட்லிஃப்டர் 25 டெசிபல் கொடுக்கும், ஃபெட்ஹெட் 27. இரண்டும் 48 வோல்ட்டைத் தாங்கள் எடுத்துக்கொண்டு மைக் பக்கம் விடுவதில்லை, அதனால் ரிப்பனுக்குப் பயமில்லை. ஆனால் வாங்கும்போது பெயரை முழுக்கப் படியுங்கள், 'ஃபெட்ஹெட் ஃபாண்டம்' என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், அது கண்டென்சருக்கானது, மைக்குக்கும் ஃபாண்டத்தை அனுப்பும், அது உங்களுக்கு வேண்டாம். மலைரயில் சொன்ன 2 டெசிபலைத் தாண்டி பூஸ்டர் எதையும் குறைக்காது. ஆனால் கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக வரும் கீச்சென்ற சத்தம் சில பெட்டிகளில் குமிழின் கடைசிப் பகுதியில் எட்டிப் பார்க்கும், அந்த மாதிரிப் பெட்டிக்குப் பூஸ்டர் நிஜமாகவே உதவும், ஏனென்றால் குரல் உள்ளே போகும்போதே 25 டெசிபல் ஏறிப் போகிறது. உங்களிடம் இருப்பதைவிட மெல்லிய மைக்கும் உண்டு, பேயர்டைனமிக் எம்160 பாஸ்கலுக்கு 1 மில்லிவோல்ட்தான். அதற்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு பூஸ்டர் வாங்கு என்பேன்.

தேயிலைத்தூள்:

அண்ணா, தகரக் கூரையா வீடு? அப்படியென்றால் மழை நாளில் எந்த ப்ரீஆம்பும் வேலைக்காகாது, அதை முதலில் பாருங்கள்.

பழைய டேப்:

ஃபாண்டம், ஈரம் இரண்டுக்கும் சொல்கிறேன். 48 வோல்ட் 2ஆவது, 3ஆவது பின் இரண்டிலும் சமமாக வருகிறது. இரண்டு பக்கமும் சமம் என்றால் நடுவில் கரன்ட் ஓடாது, அதனால் கேபிள் நன்றாக இருந்தால் பாஸிவ் ரிப்பனுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து எங்கே என்றால், கேபிளுக்குள் ஒரு கம்பி ஷார்ட் ஆகியிருக்கும்போது, அல்லது ஃபாண்டம் போட்டபடியே பேட்ச்பே (கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகும் பலகை) வழியாக ஜாக்கைச் செருகும்போது. அப்போது ஒரு பின்னுக்கு மட்டும் வோல்ட் போய் ரிப்பன் உதறி நீண்டுவிடும். ஃபாண்டத்தை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, பிறகு மாட்டுவதும் கழற்றுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயே ஆம்ப் உள்ள ஆக்டிவ் ரிப்பன் என்று இருக்கிறது, ராயர் ஆர்-122 மாதிரி, அதற்கு ஃபாண்டம் இல்லாமல் நடக்காது, அது வேறு கதை.

ஃபாண்டத்தைவிட எனக்குப் பயம் காற்றுதான். அந்த அலுமினியத் தகடு 2, 3 மைக்ரான் கனம், முடியின் கனத்தில் சிறு பங்குகூட இல்லை. மைக் வேலை செய்கிறதா என்று யாராவது அதில் ஊதினால் கையைப் பிடித்துத் தடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பதிய வேண்டாம், பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) கட்டாயம், மைக்கை எடுத்துக்கொண்டு நடக்கும்போதும் மேலே ஒரு துணிப்பை.

ஈரம்: ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பக்கம் சுவரே வியர்க்கும், தெரிந்ததுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு மைக்கை நிற்க வைத்து மூடுங்கள். படுக்க வைத்தால் நாளாக ஆக ரிப்பன் தொய்யும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி மறுபடி போடலாம். டப்பாவில் ஆணி, திருகு, இரும்புத்தூள் எதுவும் இருக்கக் கூடாது, உள்ளே இருப்பது பலமான காந்தம், துகள் உள்ளே போய் ரிப்பனில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

தம்பி கூரையைக் கேட்டது நல்ல கேள்வி. இந்த மைக் எட்டு வடிவத்தில் முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது, நேர் மேலேயும் கீழேயும்கூடக் கேட்காது. மைக் செங்குத்தாக நின்றால் கூரைச் சத்தம் நேராக அந்தச் செவிட்டுப் பக்கத்தில்தான் விழுகிறது. சுவரில் பட்டுத் திரும்புவது வரத்தான் செய்யும், இருந்தாலும் சாரல் அளவுக்கு இது பெரிய உதவி. மைக்குக்குப் பின்னால் இரண்டு கம்பளியை மடித்துத் தொங்கவிடுங்கள், அந்தப் பக்கமும் இதற்குக் காது.

கோத்தகிரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ரெசிஸ்டர் சோதனை செய்து பார்த்துவிட்டேன். ரெசிஸ்டரோடு சன்னமான உஸ் மட்டும்தான். மைக்கை மாட்டினால் அதற்கு மேல் ஒரு உறுமல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன், பாதி போய்விட்டது (வீட்டில் எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் முன்பே சொல்லியிருந்தார்). மைக்கை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கேட்டால் ஒரு கோணத்தில் மிச்சமும் அடங்குகிறது, அந்தக் கோணத்துக்கு அத்தையின் நாற்காலியை நகர்த்திவிட்டேன். கீச் சத்தம் என் பெட்டியில் இல்லை. ப்ரீஆம்புக்கு வைத்த பணத்தில் எர்த் குழி தோண்டப் போகிறேன், பூஸ்டரும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும். அரை அடிக்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் நன்றாகக் குறைந்தது, ஆனால் குரலில் கீழ்ஸ்தாயி கனத்துவிட்டது, பானைக்குள் பாடுவது மாதிரி.

மலைரயில்:

ரிப்பன் கிட்டே போனால் அப்படித்தான், எட்டு வடிவ மைக்குக்கு அந்தக் குணம் மற்றவற்றைவிட அதிகம். பதியும்போது தொடாதீர்கள், பிறகு மென்பொருளில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஸ்தாயி முழுவதையும் சேர்த்து இறக்குவது) வைத்து 3, 4 டெசிபல் இறக்கிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். மைக்கை மூக்கு உயரத்துக்குத் தூக்கி வாயைப் பார்த்து லேசாகச் சாய்த்தால் 'ப', 'ப்ப' காற்றும் நேராக அடிக்காது. கிட்டாருக்கு இவ்வளவு கிட்டே வேண்டாம், 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்தபடி ஒன்று, ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். துளைக்கு நேரே வைத்தால் மறுபடி அதே பானைச் சத்தம்தான்.